ஊதினால்தான் கார் ஓடும்!

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அமெரிக்கா போட்ட மூச்சுப் பூட்டு

காலை நேரம். ஒருவர் ஆபீசுக்குப் புறப்படுகிறார். காரில் ஏறி உட்காருகிறார். சாவியைப் போட்டுத் திருகுகிறார்.

என்ஜின் கிளம்பவில்லை!

பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது. வண்டியில் ரிப்பேர் எதுவும் இல்லை. பிறகு ஏன் கிளம்பவில்லை?

ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கருவி இருக்கிறது. கைக்குள் அடங்கும் கருவி. அதில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதை எடுத்து வாயில் வைத்து ஊதுகிறார். கருவி சில நொடிகள் சோதித்துப் பார்க்கிறது. அவர் குடிக்காமல் இருந்தால், "சரி, போகலாம்" என்று வழிவிடுகிறது. குடித்திருந்தால், "முடியாது" என்கிறது. தலைகீழாக நின்றாலும் அந்தக் கார் அப்போது நகராது!

இது கற்பனைக் கதை அல்ல. அமெரிக்காவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவர்களின் கார்களில் இப்படி ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். பொருத்தச் சொல்வது கோர்ட்டு. அல்லது லைசென்சு கொடுக்கும் இலாகா. கருவியின் பெயர் "இக்னிஷன் இன்டர்லாக்". நாம் "மூச்சுப் பூட்டு" என்று சொல்லலாம். சாவி இருந்தால் மட்டும் போதாது. சுத்தமான மூச்சும் இருந்தால்தான் பூட்டு திறக்கும்.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் கதை இருக்கிறது.

தோழி வீட்டுக்குப் போன சிறுமி

நியூயார்க் நகரில் லியாண்ட்ரா ரொசாடோ என்று ஒரு சிறுமி இருந்தாள். வயது 11.

2009-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. ஒரு தோழியின் வீட்டில் சிறுமிகள் எல்லோரும் சேர்ந்து இரவு தங்குவதாக ஏற்பாடு. அமெரிக்காவில் சிறுமிகளுக்கு இது பெரிய கொண்டாட்டம். விளையாட்டும் பேச்சுமாக விடிய விடிய விழித்திருப்பார்கள்.

லியாண்ட்ராவையும் மற்றச் சிறுமிகளையும் ஒரு பெண் காரில் ஏற்றிக்கொண்டார். அவர் வேறு யாரும் அல்ல. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியின் தாய்தான். காரில் மொத்தம் 7 சிறுமிகள்.

அந்தத் தாய் குடித்திருந்தார்.

ஹட்சன் ஆற்றை ஒட்டிச் செல்லும் ஹென்றி ஹட்சன் பார்க்வே என்ற சாலையில் கார் வேகமாகப் போனது. திடீரென்று கட்டுப்பாட்டை இழந்தது, புரண்டது. மற்ற 6 சிறுமிகளும் காயத்தோடு தப்பினார்கள். லியாண்ட்ரா இறந்துபோனாள்.

கார் ஓட்டிய பெண் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால், போன உயிர் வருமா?

மகளை இழந்த தந்தை

லியாண்ட்ராவின் தந்தை பெயர் லெனி ரொசாடோ. அவர் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. "என் மகளுக்கு வந்தது இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடாது. கடுமையான சட்டம் வேண்டும்" என்று கேட்டுப் புறப்பட்டார். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்குச் சென்று சட்டசபை உறுப்பினர்களைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்.

அந்த ஆண்டு மக்கள் ஏற்கனவே கொதித்துப்போய் இருந்தார்கள். காரணம், ஜூலை 26-ந் தேதி அதே மாநிலத்தில் நடந்த இன்னொரு விபத்து. டகோனிக் பார்க்வே என்ற சாலையில் ஒரு பெண் தவறான திசையில் காரை ஓட்டி வந்து எதிரே வந்த வண்டியில் மோதினார். அவரும், அவருடைய வண்டியில் இருந்த 4 குழந்தைகளும், எதிர் வண்டியில் வந்த 3 பேரும் மாண்டார்கள். மொத்தம் 8 உயிர். ஓட்டிய பெண்ணின் உடலைச் சோதித்தபோது, சட்டம் அனுமதித்த அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் மது இருந்தது தெரிந்தது.

ஆகவே சட்டம் வேகமாக வந்தது. லியாண்ட்ரா இறந்து 40 நாள் ஆவதற்குள், நவம்பர் 18-ந் தேதி, கவர்னர் டேவிட் பாட்டர்சன் அதில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தை மக்கள் "லியாண்ட்ரா சட்டம்" என்றே அழைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் இரண்டு முக்கியமான பகுதிகள் இருக்கின்றன.

முதல் பகுதி குழந்தைகளைப் பற்றியது. குடிபோதையில் கார் ஓட்டும்போது வண்டிக்குள் 15 வயது வரை உள்ள பிள்ளை இருந்தால், அது சாதாரணக் குற்றம் அல்ல, பெருங்குற்றம். முதல் தடவை பிடிபட்டாலும் அப்படித்தான். 4 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பிள்ளை இறந்துவிட்டால் 25 ஆண்டு வரை சிறை. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இரண்டாவது பகுதி மூச்சுப் பூட்டைப் பற்றியது. இது 2010 ஆகஸ்டு 15-ந் தேதி அமலுக்கு வந்தது. போதையில் கார் ஓட்டியதாகக் கோர்ட்டில் தண்டனை பெற்ற ஒவ்வொருவரும் தம் காரில் மூச்சுப் பூட்டு போட வேண்டும். "முதல் தடவைதானே, மன்னித்துவிடுங்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

முதலில் குறைந்தது 6 மாதம் என்று வைத்தார்கள். 2013-ல் அதை 12 மாதமாக உயர்த்தினார்கள். ஒழுங்காக 6 மாதம் பூட்டோடு ஓட்டியவருக்கு மட்டும் அதற்குப் பிறகு விலக்கு கிடைக்கலாம்.

கோர்ட்டு உத்தரவு போட்டால் 10 வேலை நாட்களுக்குள் கருவியைப் பொருத்திவிட வேண்டும். சொந்தக் கார் மட்டும் அல்ல. அவர் ஓட்டுகிற எந்தக் காரும் பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும். நண்பரின் காரைக் கடன் வாங்கி ஓட்டினாலும் குற்றம்தான். முதலாளியின் வண்டியை வேலைக்காக ஓட்டுபவருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால், தாம் பிடிபட்ட விஷயத்தை முதலாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்ததற்கு அத்தாட்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு குடித்தால் குற்றம்?

பீர், ஒயின், விஸ்கி எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது சாராயச் சத்துதான். அது வயிற்றிலும் குடலிலும் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. கண் மங்குகிறது. கை தாமதமாக வேலை செய்கிறது. ஆனால், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற தைரியம் மட்டும் கூடுகிறது! ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராம் சாராயச் சத்து இருந்தால், அவர் போதையில் ஓட்டியவர் என்று சட்டம் முடிவு கட்டிவிடும். யூட்டா என்ற மாநிலத்தில் மட்டும் 2018 டிசம்பர் முதல் அது 50 மில்லி கிராம்.

மூச்சுப் பூட்டு இதைவிடக் கண்டிப்பானது. நியூயார்க்கில் 25 மில்லி கிராம் அளவு வந்தாலே அது காரைப் பூட்டிவிடும். மற்றவர்களைப் போதையில் ஓட்டியவர் என்று 80-ல் முடிவு கட்டும் சட்டம், ஒரு தடவை தவறியவரிடம் 25-க்கே கையை ஓங்குகிறது.

மூச்சில் எப்படித் தெரிகிறது?

"குடித்தது வயிற்றுக்குள் போகிறது. மூச்சு வருவது நுரையீரலில் இருந்து. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

ரத்தம் நுரையீரல் வழியாகவும் ஓடுகிறது அல்லவா? அங்கே ரத்தத்தில் உள்ள சாராயச் சத்தில் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சுக் காற்றில் கலந்துவிடும். 2,100 மில்லி லிட்டர் மூச்சுக் காற்றில் எவ்வளவு சாராயச் சத்து இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் இருக்கும். இந்தக் கணக்கை வைத்து, ஊசி குத்தாமலே ரத்தத்தின் நிலையைச் சொல்லிவிடலாம்.

கருவிக்குள் பிளாட்டினம் பூசிய சிறு தகடுகள் இருக்கின்றன. சாராய ஆவி அதில் பட்டால் ஒரு ரசாயன மாறுதல் நடந்து மின்சாரம் பிறக்கிறது. ஆவி கூடினால் மின்சாரமும் கூடும். மின்சாரத்தை அளந்து, குடித்த அளவைக் கருவி கண்டுபிடிக்கிறது. அளவு மிஞ்சினால், என்ஜினைக் கிளப்பும் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

சிலர் வாய் நாற்றம் போக ஒரு மருந்துத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள். அவற்றில் சிலவற்றில் சாராயச் சத்து உண்டு. கொப்பளித்த உடனே ஊதினால், குடிக்காதவரையும் கருவி மடக்கும். அப்போது வெறும் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதலாம். வாயில் இருந்தது போய்விடும். ரத்தத்தில் இருப்பது அப்படிப் போகாது.

விடிந்தும் விடாத போதை

பூட்டு போட்ட புதிதில் பலரைத் திகைக்க வைப்பது காலை நேரம்தான். "ராத்திரி குடித்தேன், தூங்கி எழுந்துவிட்டேன். இன்னும் ஏன் மறுக்கிறது?" என்று கேட்பார்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். சாராயச் சத்தை உடம்பில் இருந்து அகற்றுவது ஈரல். அது அவசரப்படாது. 100 மில்லி ரத்தத்துக்கு, ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லி கிராம்தான் குறைக்கும். ஒருவருக்கு நள்ளிரவு 12 மணிக்கு 160 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்கு 105 குறைந்து, இன்னும் 55 மிச்சம் இருக்கும். பூட்டு திறக்க 9 மணிக்கு மேல் ஆகும்.

காப்பி குடித்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தூக்கம் தெளியலாம், ரத்தம் தெளிய நேரம் வேண்டும்.

ஏமாற்ற முடியுமா?

மனிதன் பூட்டைச் செய்தால், கள்ளச் சாவியையும் செய்வான். மூச்சுப் பூட்டையும் ஏமாற்றப் பார்த்தார்கள்.

பலூனில் நல்ல காற்றை அடைத்து வைத்துக் கருவிக்குள் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு மாற்று என்ன தெரியுமா? வெறுமனே ஊதினால் போதாது என்று சில கருவிகளில் ஒரு முறை வைத்தார்கள். ஊதிக்கொண்டே "ம்ம்ம்" என்று முனக வேண்டும். அல்லது, கொஞ்சம் ஊதி, பிறகு உள்ளே இழுக்க வேண்டும். பலூன் முனகுமா? இழுக்குமா?

அடுத்து, குடிக்காத ஒருவரைக் கூப்பிட்டு ஊதச் சொன்னார்கள். இதைத் தடுக்கப் பல மாநிலங்களில் கருவியோடு கேமராவையும் சேர்த்தார்கள். ஊதும்போது முகத்தைப் படம் பிடித்துவிடும். கள்ளத்தனம் படத்தோடு அதிகாரியின் மேஜைக்குப் போய்விடும். நியூயார்க்கில் குடித்தவருக்காக ஊதிக் கொடுப்பவரும் குற்றவாளிதான். ஏறக்குறைய ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.

கம்பியை வெட்டி இணைத்துவிட்டால்? கருவி அதையும் குறித்து வைக்கும். ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காரை அதற்கான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை தடவை ஊதினார், எத்தனை தடவை தோற்றார், எந்த நாள், எந்த மணி என்று எல்லாம் அங்கே வெளிவந்துவிடும். போகாமல் இருந்தால், குறித்த நாளுக்குப் பிறகு கார் தானே நின்றுவிடும்.

பாதி வழியில் குடித்தால்?

வீட்டில் ஊதிவிட்டுப் புறப்பட்டு, வழியில் பாட்டிலைத் திறப்பவரும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது.

கார் கிளம்பிச் சில நிமிடத்தில் கருவி மறுபடி சத்தம் கொடுக்கும்: "ஊது!" அதற்குப் பிறகும் எதிர்பாராத நேரங்களில் கேட்டுக்கொண்டே இருக்கும். சாலை ஓரமாக நிறுத்தி ஊத அவகாசம் கொடுக்கும்.

ஊதித் தோற்றால் ஓடும் என்ஜின் நின்றுவிடுமா? நிற்காது. வேகமாகப் போகும் கார் நடுச்சாலையில் நின்றால் பின்னால் வருபவர்கள் மோதுவார்கள் அல்லவா? ஆகவே என்ஜினை நிறுத்தாமல், விளக்குகளை மின்ன வைக்கும். ஹாரனை அலற வைக்கும். ஊரே திரும்பிப் பார்க்கும். காரை நிறுத்தி என்ஜினை அணைக்கும் வரை விடாது.

வீட்டாருக்கும் கஷ்டம்

குற்றம் செய்தவர் ஒருவர். ஆனால், பூட்டு விழுவது குடும்பத்தின் காரில்.

அமெரிக்காவில் பல இடங்களில் பஸ் வசதி குறைவு. பள்ளிக்கும் கடைக்கும் டாக்டரிடமும் காரில்தான் போக வேண்டும். பூட்டு போட்ட காரை யார் ஓட்டினாலும் ஊத வேண்டும். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனைவியும் ஊத வேண்டும். லைசென்சு எடுத்த மகனும் ஊத வேண்டும். பள்ளிக்கூட வாசலில், மற்றத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாய் குழாயை எடுத்து ஊதியாக வேண்டும். அந்த வெட்கம் அவளுக்கு ஏன்?

செலவும் உண்டு. கருவி வாடகைக்குத்தான் கிடைக்கும். பொருத்துவதற்கு ஒரு கட்டணம். பிறகு மாதா மாதம் சுமார் 60 முதல் 100 டாலர். குற்றவாளிதான் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வீட்டுச் செலவில் இருந்துதான் போகும். மிகவும் ஏழையாக இருந்தால் கோர்ட்டு சலுகை காட்டலாம்.

இருந்தாலும் இதில் குடும்பத்துக்கு ஒரு நன்மை உண்டு. லைசென்சை அடியோடு பறித்தால் வேலை போகும், சம்பளம் போகும். சிறைக்கு அனுப்பினால் குடும்பமே திண்டாடும். பூட்டு போட்டால் அவர் வேலைக்குப் போகலாம், சம்பாதிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவது ஒன்றுதான் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. "இன்றைக்கு நீங்கள் ஓட்ட வேண்டாம்" என்று மனைவி சொன்னால் சண்டை வரும். கருவி சொன்னால் யாரோடு சண்டை போடுவது?

பூட்டு பிறந்த கதை

மூச்சைச் சோதிக்கும் யோசனை பழையது. 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில், இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்ஜர் ஒரு கருவி செய்தார. பலூனில் ஊதி, அந்தக் காற்றை ரசாயனத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் குடித்தவர்.

அது தூக்கிச் செல்லச் சிரமமாக இருந்தது. 1954-ல் இண்டியானா மாநிலப் போலீசில் இருந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன், போலீசார் எளிதாகப் பயன்படுத்தும் கருவியைச் செய்தார். அதுதான் புகழ்பெற்ற "பிரத்தலைசர்".

போலீசார் கையில் இருந்த கருவியைக் காருக்குள் வைக்கும் முயற்சி 1969-ம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. அப்போது வேடிக்கையான சோதனைகளும் நடந்தன. காரில் சில எண்கள் ஒளிரும். டிரைவர் அவற்றை நினைவில் வைத்து, சில நொடிக்குள் அதே வரிசையில் பொத்தான்களை அழுத்த வேண்டும். தவறினால் கார் கிளம்பாது. என்ன ஆயிற்று தெரியுமா? குடிக்காதவர்களில் சிலர் தடுமாறித் தோற்றார்கள். குடித்தவர்களில் சிலர் சரியாக அழுத்தி ஜெயித்துவிட்டார்கள்! எண் விளையாட்டைக் கைவிட்டு மூச்சுக்கே திரும்பினார்கள்.

இதற்கிடையில் மக்கள் மனத்தையும் ஒரு சம்பவம் மாற்றியது. 1980 மே 3-ந் தேதி, கலிபோர்னியாவில் 13 வயது காரி லைட்னர் சாலை ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு வந்த ஒருவன் காரால் மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போனான். அவன் முன்பே குடிபோதை வழக்குகளில் பிடிபட்டவன். இன்னொரு விபத்து வழக்கில் ஜாமீனில் வெளிவந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. காரியின் தாய் கேண்டஸ் லைட்னர் வெகுண்டு எழுந்தார். "குடித்து ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்கள்" என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதுவரை, "குடித்தவன் இடித்துவிட்டான், தலைவிதி" என்று பேசிய ஊர், "இது குற்றம்" என்று பேசத் தொடங்கியது.

1986-ல் கலிபோர்னியா சட்டம் போட்டு, 4 மாவட்டங்களில் மூச்சுப் பூட்டைச் சோதித்துப் பார்த்தது. 1992-ல் மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு இலாகா, கருவி எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்தது. 2005-ல் நியூ மெக்சிகோ மாநிலம், முதல் தடவை தண்டனை பெற்றவருக்கும் பூட்டு கட்டாயம் என்று அறிவித்தது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். இப்போது 50 மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வகையில் இந்தச் சட்டம் இருக்கிறது. 30-க்கு மேற்பட்ட மாநிலங்களில் எல்லாக் குற்றவாளிகளுக்கும் பூட்டு உண்டு.

பலன் உண்டா?

லைசென்சைப் பறிப்பதுதான் பழைய தண்டனை. ஆனால், லைசென்சு என்பது ஒரு அட்டை. அட்டை இல்லாவிட்டாலும் கார் ஓடும்! லைசென்சை இழந்தவர்களில் பெரும்பகுதியினர் ரகசியமாக ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பூட்டு காரையே பிடித்து வைக்கிறது.

பூட்டு இருக்கும் காலத்தில், மறுபடி குடித்து ஓட்டிப் பிடிபடுவது சுமார் 70 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. எல்லாக் குற்றவாளிகளுக்கும் பூட்டைக் கட்டாயம் ஆக்கிய மாநிலங்களை மற்ற மாநிலங்களோடு பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். மதுவால் நேரும் விபத்துச் சாவு கட்டாயம் உள்ள இடங்களில் 15 சதவீதம் குறைந்ததாக 2016-ல் அறிவித்தார்கள்.

ஓட்டைகளும் இருக்கின்றன. "என்னிடம் காரே இல்லை" என்று சொல்லிப் பூட்டுக்குத் தப்பியவர்கள் பலர். காரை உறவினர் பெயருக்கு மாற்றியவர்களும் உண்டு. ஆகவே, 2013-ல் நியூயார்க் சட்டத்தைத் திருத்தியது. கார் இல்லை என்பவர், "எனக்குச் சொந்தக் கார் இல்லை, இந்தக் காலத்தில் எந்தக் காரையும் ஓட்ட மாட்டேன்" என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூட்டைக் கழற்றியதும், பலர் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள்! ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. பூட்டு காரைத்தான் பூட்டியது. குடிப்பழக்கத்தைப் பூட்டவில்லை.

கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடுகிறோம். கட்டு எலும்பைக் கூட வைக்காது. எலும்பு கூடும் வரை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மூச்சுப் பூட்டும் அப்படித்தான். அது பிடித்துக்கொண்டிருக்கும் மாதங்களுக்குள் வைத்தியம் நடக்க வேண்டும்.

இதை உணர்ந்து சில மாநிலங்கள் விதியை மாற்றின. காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் பூட்டைக் கழற்றுவதில்லை. கடைசிச் சில மாதங்களில் ஒரு தடவையும் தோற்காமல் ஊதியிருக்க வேண்டும். தோற்றால் காலம் நீளும். புளோரிடாவில் அடிக்கடி தோற்றவர்களைக் குடிநோய் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். சிகிச்சை பெற்றவர்களில், பூட்டு கழன்ற பிறகு மறுபடி பிடிபட்டவர்கள் குறைவு.

இனி என்ன?

2023-ம் ஆண்டில் அமெரிக்காவில் குடிபோதை டிரைவர்களால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள் 12,429 பேர். 42 நிமிடத்துக்கு ஓர் உயிர்! 1982-ல் இது 21,000-க்கு மேல் இருந்தது. குறைந்திருக்கிறது, போதாது.

தப்பு செய்த பிறகு பூட்டு போடுவதைவிட, முதலிலேயே தடுக்கக்கூடாதா? பிரான்சு நாடு அப்படி நினைத்தது. அங்கே 2015 செப்டம்பர் முதல், பள்ளிப் பிள்ளைகளும் பயணிகளும் போகும் சொகுசு பஸ்களில் மூச்சுப் பூட்டு கட்டாயம். டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊதிவிட்டுத்தான் பஸ்சைக் கிளப்ப வேண்டும். அமெரிக்காவிலும் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. இனி வரும் புதுக் கார்களில், ஊதச் சொல்லாமலே டிரைவரின் போதையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. அதற்கான விதியை எழுத 2024 நவம்பர் வரை கெடு கொடுத்தது. விதி வராமலே கெடு கடந்துவிட்டது.

லியாண்ட்ராவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவள் ஏறியது முன்பின் தெரியாதவரின் காரில் அல்ல. தோழியின் தாய் ஓட்டிய காரில். "அம்மா, நீங்கள் குடித்திருக்கிறீர்கள். நான் வரமாட்டேன்" என்று 11 வயதுச் சிறுமி பெரியவர்களிடம் சொல்வாளா? சொன்னால்தான் கேட்பார்களா? காரின் பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகள், பெரியவர்களை நம்பித்தான் உட்காருகிறார்கள்.

அந்தப் பிள்ளை சொல்ல முடியாத வார்த்தையை, இன்று நியூயார்க் கார்களில் ஒரு சின்னக் கருவி சொல்கிறது.

கருவி இல்லாத கார்களில் அதைச் சொல்ல வேண்டியவர்கள், அருகில் இருக்கும் நாம்தான். குடித்தவர் கையில் சாவியைப் பார்த்தால், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார். கோபம் விடிந்தால் போய்விடும்.